கலைக்கப்பட்ட கட்சி



ஆட்சிக்கே வராத கட்சியைப் பத்தி எழுத என்ன இருக்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவெறியைச் சட்டமாகவே ஆக்கியது. பள்ளிக்கூடம், பஸ், பெஞ்சு, குடியிருக்கும் தெரு எல்லாமே நிறத்தைப் பார்த்துத்தான்! பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு நாடாளுமன்றத்தில் சம உரிமை கிடையாது.

இந்த நிலையில் 1953-இல் லிபரல் கட்சி பிறந்தது. மார்கரெட் பாலிஞ்சர், எழுத்தாளர் ஆலன் பேட்டன், பீட்டர் பிரவுன் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். வெள்ளையர், கறுப்பர், இந்தியர் என்று எல்லோரும் ஒரே கட்சியில் உறுப்பினர்கள்.

ஆரம்பத்தில் இவர்களிடமும் ஒரு குறை இருந்தது. படிப்போ சொத்தோ உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு என்றார்கள். ஆனால் கறுப்பின உறுப்பினர்களோடு ஒன்றாக உட்கார்ந்து பேசப் பேச மனசு மாறியது. 1960-க்குள் 'வயது வந்த அனைவருக்கும் ஓட்டு' என்பதே கட்சியின் கொள்கை ஆயிற்று. தப்பைத் திருத்திக்கொள்வதும் ஒரு வீரம்தானே?

நேட்டால் மாகாணத்தில் கறுப்பின மக்கள் காசு கொடுத்து வாங்கிய நிலங்களை, 'கறுப்புப் புள்ளி' என்று பெயர் வைத்து அரசு பிடுங்கியது. அந்த மக்களுக்குத் துணையாக நின்றவர்களில் பீட்டர் பிரவுனும் ஒருவர். அவருடைய ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஆம், 1893-இல் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர்தான்!

அரசு சும்மா இருக்குமா? 1960-இல் ஆலன் பேட்டனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1964-இல் பீட்டர் பிரவுனுக்குத் தடை உத்தரவு போட்டது. கூட்டத்துக்குப் போகக் கூடாது. அவர் சொன்னதைப் பத்திரிகையில் போடவும் கூடாது. இப்படிப் பத்து வருஷம்!

கடைசி அடி 1968-இல் விழுந்தது. வெவ்வேறு இனத்தவர் ஒரே கட்சியில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முற்போக்குக் கட்சி என்ற இன்னொரு கட்சி, வெள்ளையர்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்தது. அந்தக் கட்சியின் ஹெலன் சுஸ்மன் நாடாளுமன்றத்தில் தனி ஆளாக நின்று நிறவெறியை எதிர்த்தார். அதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் லிபரல் கட்சி, "கூட இருந்தவங்களை வெளியே அனுப்பிட்டு நமக்கு எதுக்குக் கட்சி?" என்ற முடிவுக்கு வந்தது. தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

தோற்றுப் போய்விட்டார்களா? 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பேட்டன் 1988-லேயே இறந்துவிட்டார். பிரவுன் அந்த நாளைக் கண்ணால் பார்த்தார்.

நண்பர்களே, நம்ம டீமில் ஒருத்தனை மட்டும் "நீ வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? விளையாடுவோமா, வெளியே வருவோமா?

சிந்திப்போம்!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு