செவி பார்க்கும் மெய்ப்பு

(தொடர் – 9)

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில், மூலப்பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் புரூபின் மேல் பேனாவை ஓட்டிச் சரிபார்ப்பது பெரிய அச்சுக்கூடங்களில் வழக்கமாயிருந்தது; காற்புள்ளியும் அரைப்புள்ளியும்கூட வாய்விட்டே சொல்லப்படும். அந்த இருவரில் படிப்பவரின் ஸ்தானத்தை இயந்திரக் குரலுக்குக் கொடுத்துவிட்டு, கேட்பவரின் ஸ்தானத்தில் தாம் அமர்ந்து, வேர்டில் தட்டச்சான பிரதிகளை இன்று பார்வையற்றவர்கள் திருத்துகிறார்கள். டெட் ஹென்டர் என்ற பார்வையிழந்த அமெரிக்கரின் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட, திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானைப் பற்றியும், ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய, விலையின்றிக் கிடைக்கும் மற்றொரு திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ.வைப் பற்றியும் சென்ற வாரம் சொன்னேன். இவற்றைக் கொண்டு தமிழ்ப் பிரதியைப் பழுதறத் திருத்த இயலுமா என்று கேட்போருக்கு, இயலும் என்பதே என் திடமான அபிப்பிராயம். ஆனால் செவி எங்கே கூர்மையானது, எங்கே ஏமாறும் என்பதைப் பயின்றறிந்தவருக்கே அது கைகூடும்.

‘ஔவை’ என்னும் பெயரில் ஔகாரத்தை இடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியே அடித்துவிடுவதும், ‘அவர்’ என்னும் சொல்லில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை இட்டு அதன் தலையில் புள்ளி வைத்துவிடுவதும், பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்ட பிரதிகளில் மலிந்து கிடக்கும் பிழைகள். கண்ணுக்கு அவை சரியான வடிவங்களாகவே தோன்றுவதால், அனுபவம் மிக்க திருத்துநரும் அவற்றைக் கடந்து போய்விடுவார். திரைவாசிப்பானோ முதற்சொல்லை ‘ஒளவை’ என்று பிளந்தும், இரண்டாவதை ரகர ஒலியே இன்றியும் வாசித்து, பிழையை அந்த க்ஷணத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அச்சில் வித்தியாசம் தெரியாதபோது இதனால் என்ன நஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். அச்சொல்லைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. அகரவரிசையில் இடம்மாறி நிற்கும். அந்தப் புத்தகத்தைச் செவியால் படிக்க வரும் வாசகருக்குப் பக்கந்தோறும் இடறும். இருமுறை அடிக்கப்பட்ட சொல்லும் அவ்வாறே: கண் தாண்டிவிடுவதைக் குரல் தாண்டுவதில்லை.

செவி ஏமாறும் இடங்களுக்கு வருவோம். ரகர றகரங்களையும் நகர னகரங்களையும் வேறுபாடில்லாமல் உச்சரிக்கும் தமிழ்க் குரல்கள் உண்டு. ‘முந்நூறு’ என்பதை ஒருவர் ‘முன்னூறு’ என்று எழுதியிருந்தால், அக்குரல்களில் ஆயிரம் முறை கேட்டாலும் சந்தேகம் எழாது. ‘அதைப் பற்றி’ என்பதில் பகர ஒற்று விடுபட்டிருப்பதும் விரைந்தோடும் வாசிப்பில் புலனாகாது. ஆதலால் பொருளுக்காக ஒருமுறை தொடர்ந்து கேட்ட பிறகு, வேகத்தைக் குறைத்து, வரிவரியாகவும், ஐயமுள்ள இடத்தில் வலது அம்புக்குறியால் எழுத்தெழுத்தாகவும் செல்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை. எழுத்தைத் தனியே கேட்டும் ஐயம் நீங்காவிட்டால், என்.வி.டி.ஏ.வில் எண் பலகையின் 2-ஐ மூன்று முறை விரைவாக அழுத்த, அவ்வெழுத்தின் யூனிகோடு எண்ணையே அது சொல்லும்: நகரத்துக்கு 2984, னகரத்துக்கு 2985, ரகரத்துக்கு 2992, றகரத்துக்கு 2993. பிரெயில் காட்சிப்பலகை வைத்திருப்போருக்கு இச்சிரமமும் இல்லை; பாரதி பிரெயிலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளிச் சேர்க்கை உண்டாகையால், விரல் ஒரு தடவலில் தீர்ப்புச் சொல்லிவிடும். இத்தகைய பலகையைப் பதிப்பகங்கள் தம் செலவிலேனும் வாங்கித் தரவேண்டும் என்பேன்.

நிறுத்தக்குறிகளைப் பொறுத்தவரை, என்.வி.டி.ஏ. இயல்பான நிலையில் காற்புள்ளியைச் சொல்வதில்லை. குரலில் சிறிது தாமதம் மட்டுமே தெரியும். என்.வி.டி.ஏ. விசையோடு பி-யை அழுத்தி எல்லாக் குறிகளையும் சொல்லும் நிலைக்கு மாற்றிக்கொண்டு, அதற்கென்றே இன்னொரு முறை கேட்பது உத்தமம். அதே விசையோடு எஃப்-ஐ அழுத்தினால் எழுத்துருவின் பெயர், அளவு, தடிப்பு ஆகியவை தெரியவரும்.

இவ்வளவும் சாத்தியமாவதற்குப் பதிப்பாளர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பக்கங்களைப் படமாகப் பிடித்த பி.டி.எஃப். கோப்பில் எழுத்தே இல்லாமையால், திரைவாசிப்பான் அங்கே வாயடைத்து நிற்கும். எனவே யூனிகோடில் அமைந்த வேர்டு கோப்பையே அனுப்பவேண்டும். அக்கோப்பில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ வசதியை இயக்கிவைத்துவிட்டால், எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பதையும் குரலே அறிவிக்குமாகையால், நூலாசிரியரும் திருத்துநரும் சமமாக அமர்ந்து விவாதிக்கலாம். ஓரக்குறிப்புகளைச் செவிவழியே கையாளும் முறையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.