ஒரு புள்ளியில் போன ஊக்கத்தொகை

ஒரே புள்ளியில் ‘ஏ’ கைநழுவிப் போன மாணவர்களுக்கு இந்தக் கதை சட்டெனப் புரியும்.

2010-இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ என்ற வீடியோ கேம் வெளிவந்தது. களம், அணுப்போருக்குப் பிந்திய மொஹாவி பாலைவனம். தலையில் சுடப்பட்டும் உயிர் பிழைத்த ஒரு கூரியர் ஊழியராக நாம் விளையாட வேண்டும். எந்தத் தரப்போடு சேர்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும். விமர்சகர்கள் கதையைப் பாராட்டினார்கள். ஆனால், கேம் பாதியிலே நின்னு போகுது, பிழைகள் அதிகம் என்று குறையும் சொன்னார்கள்.

இத்தகைய விமர்சனங்களை 100-க்கு இத்தனை என்று மாற்றிச் சராசரி எடுக்கும் தளம் மெட்டாகிரிட்டிக். கணினிப் பதிப்புக்குக் கிடைத்தது 84. 85 வந்திருந்தால், உருவாக்கிய ஆப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. அதன் இணை நிறுவனர் கிறிஸ் அவெல்லோன் 2012-இல் இதை வெளியே சொன்னார்.

84 என்றால் கதை சுமாரா, நிரல் சுமாரா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிழைகள் பலவும் பின்னால் திருத்தப்பட்டன. கதையைப் பலர் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்த 84 மட்டும் அப்படியே இருக்கு.

மாணவர்களே, திறனாய்வுக் கட்டுரையில் “நன்றாக இருந்தது” என்று எழுதுவதும் இப்படித்தான். பாராட்டு எதுக்கு, குறை எதிலே? தனித்தனியா எழுதுங்க, சான்றுக்கு ஒரு காட்சியைக் காட்டுங்க.

ஆசிரியர்கள் ஒரு விமர்சனத்தின் புள்ளியை மறைத்துவிட்டு வகுப்பில் கொடுக்கலாம். “நீங்க எத்தனை போடுவீங்க, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள்.