பதினைந்தில் பிசகும் கை

உட்கார்ந்து படிக்காதீர்கள், எழுந்து நில்லுங்கள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி எடுத்துவைத்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். மூன்று, ஆறு, ஒன்பது என மூன்றின் மடங்கு வரும்போதெல்லாம் கை தட்ட வேண்டும். எண்ணைப் பிடித்தால் கால் நிற்கும், காலைப் பார்த்தால் கைதட்டல் தவறும்.

இதற்கு 'காக்னிசைஸ்' என்று பெயர். ஜப்பானில் நகோயாவை அடுத்த ஓபு நகரிலிருக்கும் தேசிய முதுமை மருத்துவ மையம் உருவாக்கியது. எனக்குப் பிடித்தது இதன் விதிதான்: தப்பு வர வேண்டும். பிசகாமல் செய்யப் பழகிவிட்டால் மூளைக்கு அங்கே வேலை இல்லை. மூன்றை நான்காக்கிவிட வேண்டியதுதான். நடந்துகொண்டே 'ஷிரிதோரி'யும் ஆடலாம். ஒரு சொல் முடிந்த எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது, கிட்டத்தட்ட நம் அந்தாதி. 'ன்' என்று முடிப்பவர் தோற்றார். ஜப்பானியத்தில் அந்த ஒலியில் தொடங்கும் சொல் இல்லை. (தமிழிலும்தான் ஏது?)

நடப்பதற்கு மூளை எதற்கு என்று தோன்றும். 1997-ல் ஸ்வீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்தைத்தான் பங்குபோடுகின்றன.

பலன் உண்டா? லேசான அறிவாற்றல் தடுமாற்றம் உள்ள 100 முதியவர்களிடம் ஜப்பானியர்கள் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. வாரம் 2 நாள், தடவைக்கு 90 நிமிடம், ஆறு மாதப் பயிற்சி. முக்கியமாக ஞாபகம் குறைந்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. மற்றவர்களிடம் அவ்வளவு இல்லை. கனடாவில் 175 பேரிடம் நடந்த ஆய்வில் (2023) உடற்பயிற்சியோடு கணினிவழி மூளைப் பயிற்சியும் சேர்ந்தபோது அறிவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. வைட்டமின் டி மாத்திரையால் கூடுதல் பயன் இல்லை. ஆனால் அங்கே உடற்பயிற்சியையும் மூளைப் பயிற்சியையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான். ஆகவே கைதட்டலில்தான் மந்திரம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முற்றிய மறதி நோயை இது குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

தள்ளாட்டம் உள்ளவர்கள் சுவரோரமாக நின்று செய்யட்டும்; முழங்கால் வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்தே காலை எடுத்துவைக்கலாம். பக்கத்தில் நின்று "அப்பா, தப்பு, தப்பு" என்று திருத்தும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்துக்குள் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.