மைனஸ் 15 டிகிரியில் ஓர் எலுமிச்சை... திருவையாற்றிலிருந்து போன வாட்ஸ்அப் வைத்தியம்!

திருவையாற்றில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சை மரமும் ஒரு நார்த்தை மரமும் நிற்கின்றன. மார்கழி வந்தால் பெரியம்மா மப்ளர் கட்டிக்கொள்வார். மரங்களுக்கு யாரும் எதுவும் போர்த்துவதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குத்தான் அது குளிர்.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, இருப்பது கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். அங்கே ஜனவரி இரவு மைனஸ் 15 வரை இறங்குவதுண்டு. போன வருடம் அக்கா தன் வீட்டுப் பின்புறம் எட்டடிக்கு ஆறடியில் ஒரு சின்ன கிரீன்ஹவுஸ் போட்டார். எல்லாம் ஒரே ஒரு தொட்டி எலுமிச்சைக்காக. பழத்துக்காகக்கூட இல்லை, இலைக்காக!

தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வேப்பிலைக்கட்டி என்று எங்கள் பக்கம் ஒரு பதார்த்தம் உண்டு. பெயரில்தான் வேப்பிலை. உள்ளே இருப்பது எலுமிச்சை, நார்த்தைக் கொழுந்து இலைகள். நரம்பு நீக்கி, மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து உருட்டுவது. தயிர் சாதத்துக்கு அதைவிட ஜோடி கிடையாது என்பது என் தனிப்பட்ட, மாற்ற முடியாத கருத்து.

``கன்னு ஒண்ணு பெட்டியில வெச்சுத் தரேனே" என்றுதான் பெரியம்மா முதலில் சொன்னார். அது நடக்காது. மண்ணோடு செடி கொண்டுவரக் கனடா அனுமதிப்பதில்லை. அமெரிக்காவோ எலுமிச்சை வகை இலையைக்கூட விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். சும்மா இல்லை அந்தக் கெடுபிடி. `சிட்ரஸ் கிரீனிங்' என்ற நோய் 2005-ல் ஃப்ளோரிடாவில் கண்டறியப்பட்டது. அதன்பிறகு அங்கிருந்த ஆரஞ்சுத் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதனால் அக்கா அங்கேயே நர்சரியில் `கீ லைம்' வாங்கினார். நம் நாட்டு எலுமிச்சையும் அதுவும் ஒரே இனம்தான். சிக்கலும் அதில்தான். எலுமிச்சைக் குடும்பத்திலேயே குளிரை மிகக் குறைவாகத் தாங்கும் வகைகளில் இதுவும் ஒன்று. அக்கம்பக்கத்துத் தமிழர்கள் பலர் வைப்பது மேயர் லெமன். 1908-ல் ஃபிராங்க் மேயர் என்பவர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன வகை. ஓரளவு குளிர் தாங்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதை வாங்குவதே நல்லது.

கண்ணாடி அறை கட்டினாலே போதும், உள்ளே சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பகலில் சரி. வெயில் அடித்தால் பனிக்காலத்திலும் உள்ளே சட்டென்று சூடேறும், ஜன்னலைத் திறந்துவிட வேண்டியிருக்கும். ராத்திரியில் ஹீட்டர் இல்லாத கிரீன்ஹவுஸ் சில மணி நேரத்தில் வெளிக்குளிரை எட்டிப் பிடித்துவிடும். அக்கா தெர்மோஸ்டாட் வைத்த மின் ஹீட்டர் போட்டு, 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டார். உள்பக்கம் முழுக்க பபிள் ராப். மூலையில் டிரம்களில் தண்ணீர்: பகல் சூட்டை வாங்கிவைத்து இரவில் மெதுவாக விடும். (மண்ணெண்ணெய் ஹீட்டரை மூடிய அறையில் வைத்துவிட்டு உள்ளே நிற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாது.)

இவ்வளவு செய்தும் ஜனவரி கடைசியில் இலை கொட்ட ஆரம்பித்தது. பச்சை இலை, வாடாமல், அப்படியே உதிர்ந்தது. அக்கா பயந்துபோய்த் தினமும் தண்ணீர் ஊற்றினார். இன்னும் கொட்டியது. வீடியோ கால் போட்டபோது பெரியம்மா மொட்டைக் கிளையைப் பார்க்கவே இல்லை. ``தொட்டியைக் காட்டுடி" என்றார்.

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஐப்பசி அடைமழையில் எங்கள் கொல்லையில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு எலுமிச்சை மஞ்சளடித்து, இலை உதிர்ந்தது. காய்ச்சல் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டோம். மரம் போனது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, நாற்றம். இப்போது நிற்பது அதற்கப்புறம் வைத்தது. புரட்டாசியிலேயே அதைச் சுற்றி வடிகால் வெட்டிவிடுவார் பெரியம்மா.

``செடிக்குக் கீழ என்ன?" சிமென்ட் தரை. ``தொட்டியைத் தொட்டுப் பாரு." ஐஸ் மாதிரி இருந்தது. ``அப்புறம் எப்படிடி தண்ணி குடிக்கும்? ஊத்தாதே."

தோட்டக்கலை நூல்கள் சொல்வதும் இதையேதான். மண் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் எலுமிச்சை வேர் ஏறத்தாழ வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆனால், கண்ணாடி வழியே விழும் வெயிலில் இலை சூடாகி நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். கீழிருந்து வரத்து இல்லை, மேலே செலவு மட்டும். மரம் இலையை உதிர்த்துச் செலவைக் குறைக்கிறது. அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீர் தொட்டியிலேயே தங்கி வேரை அழுகவைக்கும். காற்றைச் சூடாக்கிய அக்கா, வேரை மறந்துவிட்டார்.

மறுநாளே தொட்டி மரப்பலகை மேல் ஏறியது. சுற்றிலும் பழைய கம்பளி. அடியில் விதை முளைக்க வைக்கும் ஹீட் மேட். உச்சி வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துணி. விரலை இரண்டங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர்.

எலுமிச்சைக்காக மனிதர்கள் படும் இந்தப் பாடு புதிதல்ல. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 14-ம் லூயி மன்னருக்காக 1684-ல் தொடங்கி ஒரு பெரிய மண்டபமே கட்டினார்கள். மரப்பெட்டிகளில் வளரும் ஆரஞ்சு மரங்கள் இன்றும் அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வருகின்றன. இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் கல்தூண்கள் நட்டு, குளிர்காலத்தில் பலகையும் கண்ணாடியும் பொருத்தி எலுமிச்சையைக் காத்தார்கள். 1786-ல் கவிஞர் கோதே அந்தத் தோட்டங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊட்டி இருக்கிறதே! உறைபனிக் காலத்தில் தாவரவியல் பூங்காவின் மலர்ச்செடிகளைச் செடிக் கொம்புகளால் மூடிவைப்பார்கள். விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். திறந்த வானத்தை நோக்கி இலை இழக்கும் சூட்டை ஒரு மெல்லிய மூடி தடுத்துவிடும். மலையோர ஊர்களில் கொல்லையில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் பழைய வேட்டியை மாலையில் போர்த்தி, காலையில் எடுத்தால் போதும். பிளாஸ்டிக் ஷீட் இலையில் ஒட்டக் கூடாது.

பிப்ரவரி முழுக்க அக்காவின் செடி வெறும் குச்சியாக நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பச்சை தெரிந்தது, அதுதான் ஒரே ஆறுதல். மார்ச் நடுவில் மூன்று கணுக்களில் செம்பச்சையாகத் துளிர் வந்த போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டு, ``வேப்பிலைக்கட்டிக்கு எத்தனை இலைம்மா வேணும்?" என்று கேட்டார்.

வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. ``கை வெச்சே, கொன்னுடுவேன். இந்த வருஷம் நான் பார்சல் அனுப்பறேன்."