குளிசை எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை

என் மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் மாதம் பல் ஒன்றைக் கழற்ற வேண்டி வந்தது. "இந்தக் குளிசையோட கழற்றினா ரத்தம் நிக்காது" என்று யாரோ சொல்ல, மனுசன் யாரிடமும் கேட்காமல் இரண்டு குளிசைகளையும் நிறுத்திவிட்டார். எட்டாம் நாள் மறுபடியும் நெஞ்சு நோ, ஆஸ்பத்திரி. அல்ஹம்துலில்லாஹ், தப்பிவிட்டார். வார்ட் வாசலில் மாமி கேட்டா: "இந்தக் குளிசை இவருக்குக் கேட்குதில்லையோ மகன்?"

மாமாவுடையது குளிசை கேட்காத கதையல்ல, குடிக்காத கதை. ஆனால் மாமியின் கேள்வி வீண் கேள்வியல்ல. ஒழுங்காகக் குடித்தும் மருந்து கேட்காதவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டென்ட் என்பது நாடிக்குள் விரித்து வைக்கும் சிறிய உலோக வலை. உடலுக்கு அது அந்நியப் பொருள். அதன்மேல் நாடியின் உட்தோல் வளர்ந்து மூடும்வரை குருதிச் சிறுதட்டுகள் அங்கே ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். கட்டி அடைத்தால் மாரடைப்புத்தான். அதனால்தான் இரண்டு மருந்து. அஸ்பிரின் சிறுதட்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் ஒரு வழியை மறிக்கிறது; குளோபிடோகிரெல் இன்னொரு வழியை மறிக்கிறது.

சிக்கல் இந்த இரண்டாவதில். நாம் விழுங்கும் குளோபிடோகிரெல் உண்மையில் இன்னும் மருந்தாகவில்லை. உடலில் சேர்வதில் ஏறத்தாழ 85 வீதம் பயனில்லாமல் சிதைந்து போகிறது. எஞ்சியதை ஈரலிலுள்ள நொதியங்கள் இரண்டு படிகளில் மாற்றிய பிறகே அது வேலை செய்யும். அந்த நொதியங்களில் முக்கியமானது சீ.வை.பீ.2சீ19. அதை உண்டாக்கும் பரம்பரையலகு சிலருக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால், 75 மில்லிகிராம் குளிசையிலிருந்து அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. வெள்ளையரில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 2 பேரளவில். சீனரில் 14 பேரளவில். நம் தெற்காசியரிடமும் பழுதான பிரதி வெள்ளையரைவிட அதிகம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 மார்ச்சில் இதை மருந்தின் விபரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையாகப் போடவைத்தது. ஆசிய, பசுபிக் தீவு மக்கள் நிறைந்த ஹவாய் மாநிலம், இதை முன்பே சொல்லவில்லையென்று 2014இல் மருந்துக் கம்பனிகள்மேல் வழக்கே போட்டது. வழக்கு பல வருடம் இழுபட்டது.

'அப்படியென்றால் எல்லாருக்கும் சோதித்து மருந்தைக் கூட்டினால் போதாதா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2011இல் வெளிவந்த 'கிராவிடாஸ்' ஆய்வு அதைத்தான் செய்து பார்த்தது. குளோபிடோகிரெல் குடித்தும் சிறுதட்டுகள் அடங்காத 2,200க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு அளவை இரட்டிப்பாக்கினார்கள். ஆறு மாதத்தில் இரு பகுதிக்கும் வித்தியாசமில்லை. சோதனைத்தாளில் வரும் இலக்கம் வேறு, நோயாளிக்கு நடப்பது வேறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்றைக்கும் இந்தச் சோதனையை எல்லா நோயாளிக்கும் வழமையாகச் செய்வதில்லை.

மாற்று மருந்து இருக்கிறது. டிகாகிரெலோர் ஈரல் மாற்றித்தர வேண்டுமென்று காத்திருப்பதில்லை, நேரே வேலை செய்யும். ஆனால் நாளைக்கு இரண்டு தரம் குடிக்க வேண்டும், சிலருக்கு மூச்சிரைக்கும், இரத்தக்கசிவும் கூடலாம். நோன்பு காலத்தில் அதை சஹருக்கும் நோன்பு திறக்கிற நேரத்துக்கும் பிரிக்க முடியுமா என்று ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. பிராசுகிரெல் இன்னொன்று, முன்பு பக்கவாதம் வந்தவருக்கு அது ஆகாது.

பரம்பரையலகு மட்டுமல்ல, நீரிழிவும் மருந்தின் பிடியைத் தளர்த்தும். இன்னொன்று, நாம் பாமசியில் சீட்டில்லாமலே வாங்குகிற ஒமெப்ரசோல் என்கிற கேஸ்ட்ரிக் குளிசை. அதுவும் அதே நொதியத்தைத்தான் மறிக்கிறது. குளோபிடோகிரெல் குடிப்பவருக்கு வயிற்றுக்கு மருந்து தேவையென்றால் பன்டோப்ரசோல் போல வேறொன்றை டொக்டர் எழுதுவார். நெஞ்செரிச்சல் என்று பக்கத்து வீட்டாரிடம் குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

மாமாவின் பல்லை, பிறகு குளிசை எதையும் நிறுத்தாமலே கழற்றினார்கள். பஞ்சை வைத்து அழுத்தி ஒரு தையல் போட்டதோடு ரத்தம் நின்றது.