ஏன் ஏழு?

இந்தக் கிழமை எபிசோடில் நேரம் காணாமல் விட்ட கதை இது.

என் மாஸ்டர்ஸ் புரொஜெக்டுக்கு எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் டேட்டா கிடைத்தது. இந்த மெஷின் நினைவுகளைப் படம் பிடிக்கிறதில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறுவதைத்தான் பார்க்கும். மூளையை வொக்சல் என்ற குட்டிப் பெட்டிகளாகப் பிரித்து, ஏறக்குறைய 2 செக்கனுக்கு ஒருக்கா அளக்கும். ஆக, ஒவ்வொரு வொக்சலுக்கும் ஏறி இறங்கும் ஒரு கோடு. இப்படிப் பல்லாயிரம் கோடுகள்.

ஒன்றாக ஏறி இறங்கும் கோடுகளை ஒரு குழுவில் போட்டால், சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் பிடிபடும். சும்மா படுத்திருக்கும்போதுகூட இடக்கை, வலக்கை இரண்டையும் இயக்கும் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995இல் பரத் பிஸ்வாலின் குழு காட்டியது.

நான் கே-மீன்ஸ் ஓட்டினேன். அதுக்கு எத்தனை குழு எண்டு முதலே சொல்லவேணும். 2011இல் தாமஸ் யோவின் குழு 1,000 பேரின் ஸ்கேன்களில் இருந்து 7 வலையமைப்புகள், 17 வலையமைப்புகள் என இரண்டு வரைபடங்கள் வெளியிட்டிருந்தது. நானும் 7 கொடுத்தேன். வடிவான படம் வந்தது.

சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் ஏழு? ஒன்பது கேட்டிருந்தால் ஒன்பது தந்திருக்குமே?"

என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் பேய்சியன் வழிக்கு வந்தேன். அதில் 'சீன உணவகம்' எண்டு ஒரு மொடல். கடைக்கு ஒவ்வொருவராக வருவார்கள். ஆட்கள் கூடின மேசையில் இருக்க வாய்ப்புக் கூட. ஆனால் புது மேசை போடவும் எப்பவும் சின்ன வாய்ப்பு உண்டு. வருபவர்தான் வொக்சல், மேசைதான் குழு. தன் கோடு எந்த மேசையோடு பொருந்துது என்பதையும் பார்த்துத்தான் வொக்சல் இடம் பிடிக்கும். எத்தனை மேசை எண்டு முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. மாயம் ஒன்றுமில்லை: புது மேசை எவ்வளவு இலேசாகப் போடலாம் என்ற எண்ணை நாங்கள்தான் வைக்கிறோம்.

இதை ஆயிரக்கணக்கான தரம் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டு வொக்சல்கள் எத்தனை தரம் ஒரே மேசையில் இருந்தன எண்டு எண்ணலாம். என் டேட்டாவில் சில சோடிகள் கிட்டத்தட்ட எல்லாத் தரமும் சேர்ந்தே இருந்தன. எல்லையோரத்தில் இருந்தவை பாதிக்குப் பாதி. பழைய படத்தில் நான் அழுத்தமாகக் கோடு கீறிய இடங்கள்தான் அவை.

அந்த நேரம் அப்பம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு வந்தது. அம்மா கேட்டா: "உன்ர படத்தில அவவுக்கு என்ன பிழையெண்டு தெரியுமோ?"

முந்தியெண்டால் "ஓம்" எண்டிருப்பன்.

"நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதோ தெரியும் அம்மா. ஒரு ஆளை வச்சு உறுதியாச் சொல்ல என்னால ஏலாது."

அம்மா ஒன்றும் சொல்லேல்லை. அடுத்த அப்பொயின்ட்மென்டுக்கு நானும் வாறன் எண்டு சொன்னன்.

அடுத்த முறை செய்தியில் கலர் கலராக மூளைப் படம் வந்தால், எத்தனை கலர் எண்டு ஆர் முடிவு செய்தது எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.