மருந்தும் பத்தியமும்

மருந்து என்றால் உடன் பத்தியமும் உண்டு என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஊறிவந்த எண்ணம். புளியை நீக்கு, மீனைத் தொடாதே என்று பாட்டிமார் விதித்தவற்றை ஊர்விட்டு வந்த பின்னரும் நாம் மறந்தோமில்லை. எச்.ஐ.வி. தொற்றுடையோர் சிலர் இவ்வெண்ணத்தாலேயே முட்டையையும் மீனையும் ஒதுக்கிக் கஞ்சியோடு நின்றுவிடுகின்றனர். இது பிழை. பருப்பும் கீரையும் முட்டையும் வேளை தவறாது உண்பதே இந்நோய்க்குப் பத்தியம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 முதல் அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அதனை நாள்தோறும் உண்போர் நெடுங்காலம் வாழ்கின்றனர். சோதனைக்குத் தென்படாத அளவுக்குக் குருதியில் கிருமி குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழி அது பிறர்க்குப் பரவுவதுமில்லை. மாத்திரையை எண்ணிப் பார்க்க மையத்தில் ஆளுண்டு. ஏனைய ஒழுங்குகளை எண்ணுவார் யார்?

மருந்தை முறையாக உண்பவருக்குக் கிருமியினும் பீடியே பெரும்பகை. இதயம், நுரையீரல் இரண்டையும் அது கெடுக்கும். காசநோய்க்கும் வழி திறக்கும். இருமல் வந்தால், அது எத்தனை நாளையதாயினும், மையத்தில் சொல்லிச் சோதித்துக்கொள்ள வேண்டும். மது கல்லீரலைக் கெடுப்பதோடு மாத்திரை வேளையையும் மறக்கச் செய்யும். குடித்துவிட்டோமே என்று அன்றைய மாத்திரையை விட்டுவிடுவார் உளர். அது ஒரு பிழையின்மேல் மற்றொரு பிழை.

இவையெல்லாம் அறியாதன அல்ல. மும்பையிலோ சூரத்திலோ ஓரறையில் எண்மர் தங்கும் இடத்தில், ஒருவர் மட்டும் நீரைக் காய்ச்சிப் பருகினால், நீட்டிய பீடியை மறுத்தால், "ஏன்?" என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு அஞ்சியே பலர் பத்தியத்தைக் கைவிடுகின்றனர் என்பது என் கருத்து. எண்மருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவருக்குச் சொன்னால் போதும். அவர் காய்ச்சும் நீரில் நோயாளிக்கும் பங்கு கிடைக்கும். இந்நோய் காரணமாக வேலையில் வேறுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது.

மருந்துக்காக மாதந்தோறும் சொந்த ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஊரிலுள்ள மையத்தில் கேட்டு, தாம் பிழைக்க வந்த நகரத்தின் மையத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ளலாம். மையம் எங்குள்ளது என்பதை 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.